புஸ்பவதி அக்கா பார்த்துச் சொன்னது

புஸ்பவதி அக்காவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுத ஜெர்மனியின் இந்த ஹம் நகரத்தில் என்னைவிடத் தகுதி குறைந்தவன் ஒருவனும் இல்லை. ஆனாலும் நான்தான் எழுத வேண்டும். அவரைப் பற்றி இங்குள்ள சனம் பேசித் திரிந்த கெட்ட கதை என் வாயிலிருந்து புறப்பட்டது.

என் பெயர் கதிர்காமநாதன். கம்பித் தொழிற்சாலையில் வேலை. மனைவி இரண்டாயிரத்து ஒன்றில் புற்றுநோயில் போய்விட்டாள். மிஞ்சியது ஒரே மகள், லக்சிகா. சொல்லப்போவது அவளுக்கு நான் செய்ததையும், அதற்காகப் புஸ்பவதி அக்கா பட்டதையும்தான்.

அக்கா என்கிறேனே தவிர அவர் என்னைவிட நாலு வயது இளையவர். சனமெல்லாம் அக்கா என்றதால் நானும் அக்கா என்றேன். அவர் என்னை அண்ணை என்பார். பருத்தித்துறையில் ஒரு சட்டத்தரணியிடம் ஒன்பது வருடம் தட்டச்சு வேலை பார்த்தவர். எண்பத்தாறில் ஜெர்மனிக்கு வந்த பிறகு கிடைத்த வேலையும் ஒரு நீதிமன்றத்தில்தான், ஆனால் நிலம் துடைக்கிற வேலை. பின்னேரம் எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு வாளியோடும் துடைப்பத்தோடும் உள்ளே போவார். வழக்குக் கட்டுகள் தள்ளுவண்டிகளில் அடுக்கியபடி நிற்குமாம். “கைக்கெட்டின தூரத்திலை நிக்கும் அண்ணை. இருபது வரியத்திலை ஒரு தாளைத் தன்னும் திறந்து பாத்தது கிடையாது” என்பார். அதைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார். மற்றபடி பெருமை பேசத் தெரியாத மனிசி. கணவர் லொறிச் சாரதி, வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். பிள்ளைகள் இல்லை.

ஜெர்மனியில் ஒருவன் மீது வழக்கு இருந்ததா இல்லையா என்று அயலவன் போய்ப் பார்க்க முடியாது. நன்னடத்தைப் பத்திரம் என்று ஒன்று உண்டு. அதையும் சம்பந்தப்பட்டவனே நகரசபை அலுவலகத்துக்கு அடையாள அட்டையோடு போய் விண்ணப்பித்து எடுக்க வேண்டும். மாப்பிள்ளை பகுதியிடம் போய், “பொடியனுடைய நன்னடத்தைப் பத்திரத்தைத் தாருங்கோ” என்று கேட்கிற துணிவு எந்தத் தகப்பனுக்கு இருக்கிறது? சாதகக் குறிப்புக் கேட்போம், குடும்பம் கேட்போம், ஊரில் எந்த ஒழுங்கை, எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்போம். பொலிசைப் பற்றி ஒரு சொல் கேட்கமாட்டோம்.

அமெரிக்கா அப்படியில்லை. அங்கே மாவட்டத்தைக் கவுண்டி என்பார்கள், பல கவுண்டிகளில் நீதிமன்றப் பதிவு எல்லாருக்கும் பொது. புஸ்பவதி அக்கா இதைக் கண்டுபிடித்தது விளையாட்டாகத்தான். நியூஜேர்சியில் இருக்கிற அவருடைய மச்சான் வாசுதேவன், தான் இருபது வருடம் கார் ஓடியும் ஒரு தண்டம்கூடக் கட்டியதில்லை என்று ரெலிபோனில் அளந்துகொண்டே இருந்தார். இவர் இன்டர்நெட்டில் தேடி, இன்ன வருடம் இன்ன தெருவில் இன்ன வேகம் என்று அவருக்கே வாசித்துக் காட்டினார். வாசுதேவன் மூன்று மாதம் கதைக்கவில்லை. ஆனால் கதை பரவிவிட்டது. ஹம்மிலேயே இருக்கிற ஊன்ட்றொப் அம்பாள் கோயிலின் அடுத்த திருவிழாவில் தேர் இழுக்க வந்த சனத்தில் ஐந்தாறு தாய்மார் அக்காவைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய்க் காதுக்குள் பேசினார்கள். எல்லாருடைய மகள்மாருக்கும் அமெரிக்க மாப்பிள்ளை பேசியிருந்தது.

அவர் அதைச் செய்த விதத்தை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். கணனி சமையலறை மேசையில், அரிசிப் பானைக்குப் பக்கத்தில் இருக்கும். முதலில் கொப்பியில் பெயர் எழுதுவார். பிறகு முகவரிகள், இப்போது இருக்கிறது மட்டுமல்ல, படித்த இடம், முன்பு வேலை செய்த இடம் எல்லாம். அமெரிக்கா முழுவதற்கும் ஒரே இடத்தில் தேடுகிற வசதி நம்மைப் போன்றவர்களுக்கு இல்லை, ஒவ்வொரு கவுண்டியும் தன் பதிவைத் தானே வைத்திருக்கிறது, ஆகவே ஆள் வாழ்ந்த ஒவ்வொரு கவுண்டியிலும் தனித்தனியாகத் தேட வேண்டும் என்பார். காசு கேட்கிற தனியார் பக்கங்களைத் தொடமாட்டார். நேராக அந்தக் கவுண்டி நீதிமன்றத்தின் பக்கத்துக்குப் போய், குற்றவியல் பகுதியைத் திறப்பார். தகப்பன் பெயரைக் கடைசிப் பெயராகப் போட்டு ஒருமுறை, மாற்றிப் போட்டு ஒருமுறை. பெயர் கிடைத்தால் பிறந்த திகதி. திகதி பொருந்தினால் குற்றச்சாட்டு. அதற்குப் பிறகும் வாய் திறக்கமாட்டார். கீழே இறங்கி முடிவு என்ன என்று பார்ப்பார். “குற்றஞ்சாட்டினது ஒண்டு, தீர்த்தது ஒண்டு. தள்ளுபடியான வழக்கை வச்சு ஒருத்தன்ரை வாழ்க்கையைக் கெடுக்கேலாது.” கணனியில் பதிவு இல்லாத கவுண்டியென்றால் நீதிமன்றப் பதிவாளருக்குக் கடிதம் எழுதி, பதில் வரும்வரை காத்திருக்கச் சொல்வார்.

திகதிக்கு மட்டும் அவர் கொப்பியில் இரண்டு கோடு இருந்தது. ஒன்று குறிப்புத் திகதி, மற்றது பேப்பர்த் திகதி. நம்மவரில் பாதிப் பேருக்கு இரண்டு பிறந்தநாள். எனக்கே அப்படித்தான். சாதகத்தின்படி நான் ஐம்பத்துமூன்றாம் ஆண்டு ஆவணியில் பிறந்தவன். காசு வாங்கி ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரன் தந்த கடவுச்சீட்டில் ஐம்பத்தைந்து தை முதலாம் திகதி. அகதி முகாமில் அதைத்தான் சொன்னேன், இன்றுவரை ஜெர்மன் அரசாங்கம் தை முதலாம் திகதிதான் எனக்கு வயது கூட்டுகிறது. ஆகவே அக்கா எவர் வந்தாலும் குறிப்பை வாங்கி ஒரு பக்கம் வைத்துவிட்டு, “உது சாத்திரியாருக்கு. பேப்பரிலை என்ன திகதி?” என்றுதான் கேட்பார்.

இன்னும் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார். கண்டதை ரெலிபோனில் சொல்லமாட்டார். பெண்ணின் தாய் அல்லது தகப்பன், ஒரே ஒருவருக்கு, நேரில் சொல்வார். சொல்லி முடிந்ததும் அந்தக் கொப்பித் தாளைக் கிழித்து, சின்னத் துண்டுகளாக்கி, குப்பையில் போடுவார். பிறகு யார் கேட்டாலும் அவருக்கு ஒன்றும் தெரியாது. அந்த நல்ல குணத்தைத்தான் நான் எனக்கு வாய்ப்பாக எடுத்துக்கொண்டேன்.

இரண்டாயிரத்து ஆறு சித்திரையில் லக்சிகாவுக்கு ரெக்ஸாஸில் ஒரு மாப்பிள்ளை பொருந்தி வந்தது. பெயர் துவாரகன், தகப்பன் தம்பித்துரை. கணனி நிறுவனத்தில் வேலை, சொந்த வீடு, படத்தில் நல்ல சிரிப்பு. லக்சிகாவுக்கு இருபத்தெட்டு. அதற்கு முன் மூன்று சம்பந்தம் குழம்பியிருந்தது. ஒவ்வொன்று குழம்பும்போதும் தாய் இல்லாத பிள்ளை, தகப்பனுக்குக் கதைக்கத் தெரியாது என்று என் தங்கச்சி லலிதா தொடங்கி எல்லாரும் சொன்னார்கள். எனக்கு அலுத்துவிட்டது. ஆனாலும் முறைக்கு விசாரிக்க வேண்டுமே என்று குறிப்பையும் எடுத்துக்கொண்டு புஸ்பவதி அக்காவிடம் போனேன்.

அவர் தேடினார். இரண்டு கவுண்டியில் ஒன்றும் இல்லை. மூன்றாவதில், பொடியன் இப்போது வீடு வைத்திருக்கிற கவுண்டியில், துவாரகன் தம்பித்துரை என்று ஒரு வரி வந்தது. நானும் பார்த்தேன். வீட்டில் கூட இருந்த ஒருவரை அடித்துக் காயப்படுத்தியதாக வழக்கு. ஆண்டு இரண்டாயிரத்து நாலு. முடிவு, தள்ளுபடியல்ல, ஒரு வருடம் நீதிமன்றக் கண்காணிப்பு.

 பிறகு திகதியைப் பார்த்தேன். பதிவில் எழுபத்தொன்பது பங்குனி மூன்று. குறிப்பில் எழுபத்தாறு ஐப்பசி. மூச்சு வந்தது.

“இது வேறை ஆள்” என்றேன்.

“இருக்கலாம்” என்றார் அவர். “பேப்பர்த் திகதி என்ன?”

“குறிப்புத்தானே தந்திருக்கினம்.”

“குறிப்பு ரெக்ஸாஸ் பொலிசுக்குத் தெரியாது அண்ணை. பொடியன் எப்பிடிப் போனவர்? ஏஜென்சியிலையோ?”

“ஓம், தொண்ணூற்றாறிலை.”

அவர் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “பதினெட்டுக்குக் கீழை எண்டால் சுகம் எண்டு மூண்டு வயசைக் குறைச்சு அனுப்பியிருப்பாங்கள். உப்பிடி எத்தினை கண்டனான். ஒரு கவுண்டியிலை ரெண்டு துவாரகன் தம்பித்துரை இருக்கினமோ? இருந்தாலும் இருக்கும். நீங்கள் தகப்பனுக்கு அடிச்சு, பேப்பரிலை என்ன திகதி எண்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கோ. விசா அலுவலுக்கு எண்டு சொல்லுங்கோ. அதுக்குப் பிறகுதான் நான் இந்தத் தாளைக் கிழிப்பன்.”

வழியையும் அவரே சொல்லித் தந்தார். விசா அலுவல் என்று கேட்டால் யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள். இதைவிடச் சுகமான கேள்வி உலகத்தில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தம்பித்துரைக்கு ரெலிபோன் எடுத்தேன். அவர் மிகவும் மரியாதையாகக் கதைத்தார். ரெக்ஸாஸ் வெயில் பற்றிச் சொன்னார். கூறைச் சேலைக்கு என்ன நிறம் என்று கேட்டார். கேள்வி என் நாக்கு நுனியில் நின்றது. கேட்டால் விடை வந்துவிடும் என்ற பயத்தில் நான் கேட்கவில்லை. எழுபத்தாறு என்று சொல்வார் என்ற நம்பிக்கை எனக்கு இருந்திருந்தால் முதல் நிமிடத்திலேயே கேட்டிருப்பேன். இதை நான் எனக்கே பல வருடம் ஒப்புக்கொள்ளவில்லை.

அடுத்த கிழமை புஸ்பவதி அக்கா என்னைக் கடையில் கண்டு, சந்தடியில்லாத பக்கமாகக் கூப்பிட்டார்.

“கேட்டனீங்களோ?”

“ஓம், கேட்டனான். பேப்பரிலையும் எழுபத்தாறுதானாம்.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் பருப்புப் பைகளைப் பார்த்தேன். “அப்ப சரி அண்ணை, வேறை ஆள்தான். பிள்ளை நல்லா இருக்கட்டும்” என்றார். அன்று இரவே தாளைக் கிழித்திருப்பார்.

நான் மகளிடமும் லலிதாவிடமும் சொன்னது இவ்வளவுதான்: “புஸ்பவதி அக்கா வடிவாப் பாத்தவா. ஒண்டும் இல்லையாம்.” அந்த ஒரு வசனத்தில் மகளுக்கு இருந்த கொஞ்ச நஞ்சத் தயக்கமும் போய்விட்டது. அக்காவின் வாய்க்கு அவ்வளவு மதிப்பு. ஆவணியில் ஊரைக் கூட்டிக் கலியாணம் செய்துவைத்தோம்.

எனக்கு இன்னொரு சந்தர்ப்பமும் கிடைத்தது. கலியாணத்துக்குப் பிறகு லக்சிகா அமெரிக்க விசாப் படிவம் நிரப்பினாள். கணவன் பிறந்த திகதி என்ற இடத்தில் அவன் அனுப்பிய பிரதியைப் பார்த்து எழுபத்தொன்பது பங்குனி மூன்று என்று எழுதினாள். “அப்பா, இவருக்கும் உங்களை மாதிரி ரெண்டு பிறந்தநாள்” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தத் திகதிக்குப் பின்னால் என்ன வழக்கு இருக்கிறதென்று அறிந்தவர்கள் இந்த நாட்டில் இரண்டு பேர். ஒருவருக்கு நான் பொய் சொல்லியிருந்தேன். மற்றவன் நான். தாலி ஏறிவிட்டது, அவன் திருந்தியிருப்பான், முதல்முறை என்னவோ ஏதோ என்று எனக்கு நானே சொன்னேன். இரண்டாயிரத்து ஏழு பங்குனியில் அவளைப் பிராங்பேர்ட் விமான நிலையத்தில் ஏற்றிவிட்டேன்.

இரண்டாயிரத்து எட்டு கார்த்திகையில் திரும்பி வந்தாள். இடது மணிக்கட்டில் மாக்கட்டு. ஒரு கைப்பை மட்டும். விமான நிலையத்தில் என்னைக் கண்டதும் அழவில்லை. “குளிருது அப்பா” என்றாள். என்னுடைய கோட்டைக் கழற்றிப் போட்டேன். அவளுக்கு அது போதும் என்பதுபோல என் தோளில் சாய்ந்தாள். அந்த நேரம் எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

பிறகு சனம் கதைக்கத் தொடங்கியது. யார் விசாரித்தது? புஸ்பவதி. அவ என்ன சொன்னவ? ஒன்றும் இல்லை என்றவ. அப்படியென்றால் அவவுக்கு என்ன தெரியும், கூட்டித் துடைக்கிற மனிசி கணனிக்கு முன்னால் இருந்து படம் காட்டியிருக்கு. அடுத்த வருடத் திருவிழாவில், தேர் இருப்புக்கு வந்த பிறகு, லலிதா எல்லாருக்கும் முன்னால் அவரிடம் போய், “அக்கா, உங்கடை கணனியைக் கொண்டுபோய்க் கால்வாய்க்குள்ளை போடுங்கோ. எங்கடை பிள்ளையின்ரை வாழ்க்கை போட்டுது” என்றாள். நான் நாலு அடி தள்ளி அருச்சனைத் தட்டோடு நின்றேன். புஸ்பவதி அக்கா என்னைப் பார்த்தார். ஒரு சொல் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எவரும் அவரிடம் விசாரிக்கப் போகவில்லை.

அவர் நான் பொய் சொன்னதை அப்போது அறிந்திருந்தாரா, மாப்பிள்ளை பகுதி என்னை ஏமாற்றியது என்று நினைத்தாரா, எனக்குத் தெரியாது. இரண்டாவதைத்தான் நினைத்திருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன்.

லக்சிகா விவாகரத்துக்காக ஒரு வழக்கறிஞரைப் பிடித்தாள். அவர் துவாரகன் மீது பழைய வழக்கு ஏதும் உண்டா என்று கேட்டிருக்கிறார். ஒன்பதாம் ஆண்டு புரட்டாதியில் ஒரு சனிக்கிழமை காலை அவள் தானே கணனிக்கு முன்னால் உட்கார்ந்து அந்தக் கவுண்டியின் பக்கத்தைத் திறந்தாள். பத்து நிமிடம் ஆகவில்லை.

“அப்பா, இஞ்சை வாங்கோ.”

போனேன். அதே வரி. அதே திகதி. மூன்று வருடத்துக்கு முன் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் பார்த்தது.

“இவ்வளவு லேசாக் கிடக்குது. புஸ்பவதி அன்ரி இதைக் காணேல்லையோ?”

“தெரியாது பிள்ளை” என்றேன். இந்தப் பொய்யையும் நான்தான் சொன்னேன்.

அவள் அந்தப் பக்கத்தை அச்செடுத்தாள். கோட்டைப் போட்டுக்கொண்டு போனாள். எங்கே என்று கேட்கவில்லை, எனக்குத் தெரியும். ஓடிப்போய் மறித்திருக்கலாம். கதவு சாத்திய சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கதிரையில் இருந்தேன்.

ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தாள். கோபமாகப் போனவள் முகம் வாடி வந்தாள். கோட்டைக் கழற்றாமலே மேசைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

“கத்திப்போட்டன் அப்பா. கண்டபடி கத்திப்போட்டன். அவா அந்தத் தாளை வாங்கி, திகதியைக் கன நேரம் பாத்துக்கொண்டு இருந்தவா. ‘இதுதானோ பேப்பர்த் திகதி?’ எண்டு கேட்டவா. ஓம் எண்டன். பிறகு முந்திக் கட்டுப் போட்டிருந்த என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு, ‘நான் சரியாப் பாக்கேல்லைப் பிள்ளை. என்ரை பிழை. என்னை மன்னிச்சுக்கொள்ளு’ எண்டவா. அவாக்குக் கண்ணெல்லாம் தண்ணி. எனக்கு என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. மன்னிச்சிட்டன் எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன்.”

அவளை அடித்தவன் ரெக்ஸாஸில் இருக்கிறான். அவளைக் கொண்டுபோய் விட்டவன் முன்னால் இருக்கிறேன். இந்த இரண்டு பேரையும் விட்டுவிட்டு, ஒரு பிழையும் செய்யாத ஒருத்தி அவளிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறாள்.  பொய்யைக் காப்பாற்றுகிற பலம் அதோடு முடிந்துபோனது.

“அவா கண்டவா” என்றேன்.

“என்ன?”

“அவா அண்டைக்கே கண்டவா. எனக்குக் காட்டினவா. பேப்பர்த் திகதியைக் கேளுங்கோ எண்டு சொன்னவா. நான் கேக்கேல்லை. கேட்டனான் எண்டு அவாக்குப் பொய் சொன்னனான். ஒண்டும் இல்லையாம் எண்டு உனக்கும் பொய் சொன்னனான். நீ விசாப் படிவம் நிரப்பேக்கை அது அவன்தான் எண்டு எனக்கு வடிவாத் தெரியும்.”

லக்சிகா என்னை வெறித்துப் பார்த்தாள். கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தவில்லை.

“என்னத்துக்கு?” என்றாள்.

“நாலாவதும் குழம்பிப்போகும் எண்டு பயந்தன்.”

“நீங்கள் பயந்தனீங்கள்” என்றாள்.  தன் மணிக்கட்டை மற்றக் கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். எழும்பி என்னுடைய சப்பாத்தை எடுத்து வந்து என் காலடியில் வைத்தாள். “போடுங்கோ. வாங்கோ.”

புஸ்பவதி அக்காவின் வீடு நடந்தால் பன்னிரண்டு நிமிடம். வழியில் அவள் எனக்கு முன்னால் நடந்தாள், ஒருமுறைகூடத் திரும்பவில்லை. வழக்கமாகத் தெருவைக் கடக்கும்போது என் கையைப் பிடிப்பாள். அன்று பிடிக்கவில்லை. மாடிப்படி ஏறும்போது எனக்கு மூச்சு வாங்கியது. அவளே மணியை அடித்தாள்.

கதவைத் திறந்த அக்கா முதலில் லக்சிகாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு அவளுக்குப் பின்னால், இரண்டு படி கீழே நின்ற என்னைப் பார்த்தார்.  நான் வாய் திறக்கத் தேவை இருக்கவில்லை, அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவர் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“ஏன் அண்ணை பிள்ளைக்கு உண்மையைச் சொன்னனீங்கள்?” என்றார். “தாயும் இல்லாத பிள்ளை. அவளுக்கெண்டு நீங்கள் ஒராள்தானே இருந்தனீங்கள்.”